மார்பில் நீர்க்கட்டி: ஸ்கேனா, மேமோகிராமா, ஊசியா?

நீர்க்கட்டி என்றாலே நம்மில் பலருக்குச் சினைப்பைதான் ஞாபகத்துக்கு வரும். மார்பிலும் வரும், 35 முதல் 50 வயதுக்குள் அதிகம். குளிக்கும்போது கோலிக்குண்டு மாதிரி கையில் தட்டுப்படும், மாதவிலக்கு நெருங்கினால் வலிக்கும். ஆனால் கையால் தடவி மட்டும் அது நீர்க்கட்டிதான் என்று மருத்துவரால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

மேமோகிராம் ஓர் எக்ஸ்ரே. அதில் நீர்க்கட்டியும் சதைக்கட்டியும் ஒரே மாதிரி வெள்ளையாக விழும். இளம் வயதில் மார்புத் திசுவும் அடர்த்தியாக இருப்பதால் அதுவும் வெள்ளையாகவே விழும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடும் கதைதான். அல்ட்ராசவுண்டில் இந்தக் குழப்பம் இல்லை. குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தால், நீர் கன்னங்கரேலென்று தெரியும். சீரான ஓரம், பின்பக்கம் பளிச். இந்த மூன்றும் இருந்தால் சாதாரண நீர்க்கட்டி. நீரா, சதையா என்ற கேள்விக்கு என் ஓட்டு ஸ்கேனுக்கே. ஆனால் சில சமயம் புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளைக் காட்டுவதில் மேமோகிராம்தான் கெட்டி. அதனால் 30 வயதுக்குக் கீழே ஸ்கேன் முதலில். 40 தாண்டினால் இரண்டும்.

சில மருத்துவர்கள் எடுத்த எடுப்பில் கட்டிக்குள் ஊசி குத்தி நீரை உறிஞ்சிப் பார்த்துவிடுகிறார்கள். என் அண்ணிக்கு அப்படித்தான் ஆனது. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு, அப்புறம் எடுத்த ஸ்கேனில் எது கட்டி, எது ரத்தம் என்றே தெரியவில்லை. படம் முதலில், ஊசி பிறகு. வலிக்கிற பெரிய நீர்க்கட்டிக்கு ஊசி நல்ல வைத்தியமும்கூட: வெளிர்மஞ்சளாகவோ பச்சையாகவோ நீர் வந்து கட்டி அங்கேயே அமுங்கிவிடும். நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, எடுத்த பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ விடக்கூடாது.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் (சந்தேகத்தின் அளவைச் சொல்லும் எண்) 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பொதுவாக 6 மாதத்தில் மறு ஸ்கேன். 4 என்றால் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. கட்டிக்குள் சதையும் கலந்திருந்தால் மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.யைவிட, தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சியே மேல். முன்னதில் வருவது செல்கள் மட்டும். பின்னதில், மரத்துப்போக ஊசி போட்டு நூல் கனத்துக்குத் திசுவையே எடுக்கிறார்கள்.

மாதவிலக்கு முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள், மேமோகிராமில் அழுத்தும்போது வலி குறையும். தோல் குழிந்தாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ மட்டும் தேதி பார்க்காதீர்கள்.