டிஷ்ஷா, ஸ்ட்ரீமிங்கா?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குடியேறுவோருக்கு வரும் குழப்பம் இது.

செலவு: டிஷ் கட்டணம் ரூபாயில். வெளிநாட்டுச் செயலிகள் சில டொலரில் அறவிடும். ரூபாய் சரிந்தால் பில் ஏறும்.

டேட்டா: டிஷ்ஷுக்குத் தேவையில்லை. ஸ்ட்ரீமிங்கில் எச்டி மணிக்குச் சுமார் 3 ஜிபி தின்னும். இரண்டரை மணிப் படத்துக்கு 7.5 ஜிபி. ஃபோன் டேட்டா என்றால் தரத்தை எஸ்டிக்கு (சாதாரணத் தரம்) இறக்குங்கள், மணிக்கு 1 ஜிபிக்குள் அடங்கும்.

மழை: டிஷ்ஷின் பலவீனம் இதுதான். டிஷ் வாங்கும் கேயூ (Ku) அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சுவதால் ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் படம் உறையும். மழை விட்டும் வராவிட்டால் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் இறங்கியிருக்கும், கடற்காற்றில் துருவும் பிடித்திருக்கும். ஸ்ட்ரீமிங் வரும் ஃபைபர் இணைய இணைப்புக்கு மழை பொருட்டல்ல. மின்வெட்டில் ரவுட்டர் அணையும், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சீரியல் பார்க்கும் அம்மம்மாவுக்கு டிஷ். 5 எம்பிபிஎஸ் இணைய வேகம் நிலையாகக் கிடைக்கும் வீட்டில், படப் பிரியருக்கு ஸ்ட்ரீமிங்.