டெல்டா 1010-ஆ, ஹேமர்ஃபால் 9652-ஆ?

சாலிகிராமத்தில் ஒரு மாடியறையில் பெரும்பாலும் கர்நாடக இசைதான் பதிவு செய்கிறேன். பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு, அப்புறம் கடம், தம்புரா. ஆறு மைக்கும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் விழ வேண்டும். கம்ப்யூட்டருக்குள் செருகும் பழைய பிசிஐ சவுண்ட் கார்டிலேயே இதைச் செய்யலாம் என்று தேடியபோது கடைசியில் நின்றவை இரண்டு: எம்-ஆடியோ டெல்டா 1010, ஆர்எம்இ ஹேமர்ஃபால் எச்டிஎஸ்பி 9652. நான் வாங்கியது 9652.

1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு இப்போதும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எந்த சாம்பிள் ரேட்டில் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற கணக்கு) கொடுத்தாலும், உள்ளே எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடும். இந்த வேலைக்கு வேண்டாம்.

டெல்டா 1010 நல்ல கருவி. கார்டோடு கேபிளில் இணையும் ஒரு வெளிப்பெட்டியும் சேர்ந்து வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், அனலாக்கில் எட்டு உள்ளே, எட்டு வெளியே, எல்லாம் பேலன்ஸ்டு (கேபிள் வழியே இரைச்சல் ஏறாமல் தடுக்கும் இணைப்பு). மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் மட்டும் தனியாக வேண்டும். அதன் தம்பி 1010எல்டி-யில் இரண்டு மைக் உள்ளீடு உண்டு, ஆனால் மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பேன்டம் பவர் கிடையாது. அது தேவைப்படும் கண்டென்சர் மைக்கை நேராகச் செருக முடியாது.

9652-இல் அனலாக்கே இல்லை. ஒரே ஒளிக் கேபிளில் பல சேனல்களை டிஜிட்டலாக அனுப்பும் ஏடாட் ஆப்டிகல் உள்ளீடு மூன்று, வெளியீடு மூன்று. 48 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொன்றிலும் எட்டு சேனல். ஒலியை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டரைத் தனிப் பெட்டியாக வாங்க வேண்டும். முதலில் இதைக் கூடுதல் செலவாகத்தான் நினைத்தேன். இன்று இதற்காகவே இந்தக் கார்டைப் பிடித்திருக்கிறது.

இருபது வருடப் பழைய கருவிகளில் சீக்கிரம் வயதாவது, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். சூட்டில் உலர்ந்துபோகும், சென்னை மே மாதம் அதற்கு எமன். டெல்டா 1010-இன் பெட்டி அதன் கார்டோடு மட்டுமே பேசும். பெட்டி போனால் அதே பெட்டியைத் தேட வேண்டும், அல்லது திறந்து பற்றவைக்க வேண்டும். 9652-க்கு ஏடாட் உள்ள எந்தப் பெட்டியும் சரி.

போன வருடம் என் கன்வெர்ட்டர் திடீரென்று கரகரத்து, மறுநாள் அணைந்தே போனது. இரண்டு நாளில் பதிவு. வடபழனி நண்பரிடமிருந்து வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, ஆப்டிகல் கேபிளைச் செருகி, கார்டா, பெட்டியா, எது கிளாக் (இரண்டும் ஒரே தாளத்தில் ஓடுவதற்கான துடிப்பு) கொடுக்கிறது என்பதை மட்டும் சரிசெய்தேன். (அதை விட்டால் நடுநடுவே ‘டிக் டிக்’ என்று கேட்கும்.) பதிவு தள்ளிப்போகவில்லை. ஆப்டிகலில் மின்சாரம் பாயாததால், கம்ப்யூட்டரின் எர்த் கோளாறு அந்த வழியாக ஹம்மாக ஏறுவதும் இல்லை.

இன்னொன்று, 9652-இல் உள்ள டோட்டல்மிக்ஸ் என்ற மிக்ஸர். பாடகிக்குத் தம்புரா தூக்கலாக ஒரு ஹெட்போன் மிக்ஸ், மிருதங்கக்காரருக்கு வேறு ஒன்று, தாமதமில்லாமல் கார்டே கொடுக்கும். டெல்டாவின் மானிட்டர் மிக்ஸர் ஒரே ஒரு ஸ்டீரியோ மிக்ஸ்தான் தரும்.

லினக்ஸ் கெர்னலிலேயே இரண்டுக்கும் டிரைவர் உண்டு. நான் ஓட்டுவதும் அதில்தான். விண்டோஸில் நீண்டநாள் பயன்படுத்திய அனுபவம் எனக்கில்லை, அதனால் அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய மதர்போர்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். 9652 வாங்கப் போகிறவர்கள் ஒரு ஆப்டிகல் கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். வெளியீட்டில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் மட்டும் போதாது. கார்டையே மாஸ்டராக (கிளாக் கொடுப்பதாக) வைத்து, வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குக் கேபிளைச் செருகி, மூன்று போர்ட்டிலும் ‘லாக்’ (சிக்னல் சரியாகப் பிடிபட்டது) என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.