ஒரே உருவமா, ஒரே மிசினா? கடைச்சல் பட்டறையில் வேலைகளைச் சேர்க்கும் மூன்று வழிகள்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையில் படகுகள் பழுது பார்க்கக் கரையேறும். கார்த்திகையிலிருந்து தை வரை எங்கள் பட்டறையில் புரொப்பல்லர் சாஃப்டும் (சுழல்தண்டு) சுக்கான் புஷ்ஷும் (தண்டு உள்ளே சுழலும் உலோக வளையம்) குவியும். நடுவில் கந்தளாய் ஆலைக்காரர் ஒருவர் புல்லிச் சாஃப்ட் கேட்டு நிற்பார். பாகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இரண்டு, கட்டர் சுழன்று காடியும் பல்லும் வெட்டும் மில்லிங் மிசின் ஒன்றே ஒன்று. எந்த வேலையை எதோடு சேர்த்துப் போடுவது? பெரிய ஆலைகளுக்கென்று வகுத்த மூன்று முறைகளை இந்தச் சின்ன இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, உருவம். ஜேர்மனியின் ஆகன் நகரில் ஹெர்வார்ட் ஓபிட்ஸ் உருவாக்கிய குறியீட்டு முறை இதில் பேர் பெற்றது. பாகத்தின் வடிவத்துக்கு 5 இலக்கம். அளவு, உலோகம் போன்றவற்றுக்கு இன்னும் 4. ஒரே மாதிரி எண் வந்த பாகங்கள் ஒரே குடும்பம். வரைபடங்களை அடுக்கி வைக்கவும், பழைய வேலையைத் தேடி எடுத்து விலை சொல்லவும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வேலையை ஓட்ட இது போதாது. வடிவத்தின் 5 இலக்கத்தை மட்டும் பார்த்தால் வெண்கலப் புஷ்ஷும் நைலோன் புஷ்ஷும் இரட்டைப் பிள்ளைகள். நைலோனைக் கம்பியிலிருந்து வெட்டி உடனே கடையலாம். வெண்கலமோ வார்ப்புக்காரர் உலை மூட்டும் நாள்வரை காத்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் தருவதாகச் சொன்னால் ஒன்று பொய்யாகிவிடும்.

இரண்டாவது, பாதை. இங்கிலாந்தின் ஜோன் பர்பிட்ஜ் 1960களில் முன்வைத்தது. வடிவத்தை விட்டுவிட்டு, பாகம் எந்தெந்த மிசினுக்குப் போகிறது என்று அட்டவணை போடுவது. போனால் 1, போகாவிட்டால் 0. வரிசைகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றுகள் கட்டம் கட்டமாகத் திரளும். ஒவ்வொரு கட்டமும் ஒரு மிசின் குழு. நூறு மிசின் உள்ள இடத்தில் இது அருமையான முறை. எங்களுக்கோ மில்லிங் ஒன்றுதான், அதைப் பிரித்து எந்தக் குழுவுக்குக் கொடுப்பது? இன்னொரு குறையும் உண்டு. மில்லிங்கில் பத்து நிமிடம் நிற்கும் சாஃப்டுக்கும் மூன்று மணி நேரம் நிற்கும் பல்சக்கரத்துக்கும் அந்த அட்டவணையில் அதே 1 தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: எந்த மிசினில் வரிசை நீள்கிறதோ அந்த மிசினின் நிமிடங்களை வைத்துச் சேர்ப்பது. 1980களில் எலியாகு கோல்ட்ராட் பரப்பிய தடைக் கோட்பாடு இதற்கு அடிப்படை. தடையான மிசினில் இழந்த ஒரு மணி, பட்டறை முழுவதற்கும் இழந்த மணி. வேறு மிசினில் மிச்சம் பிடித்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீவே (சக்கரம் தண்டில் வழுக்காமல் பிடிக்கும் கீ என்ற துண்டு உட்காரும் காடி) வெட்டவேண்டிய சாஃப்ட் 12. கட்டரை ஏற்றிச் சரிசெய்யும் செட்டிங்குக்கு 40 நிமிடம், வெட்ட 15 நிமிடம் என்று வையுங்கள். வந்த ஒழுங்கில் ஒவ்வொன்றாகப் போட்டால் 660 நிமிடம், அதாவது 11 மணி நேரம். கீவே அகலத்தை வைத்து மூன்று கூட்டமாக்கினால், கூட்டத்துக்கு ஒரு செட்டிங் போதும், மொத்தம் 300 நிமிடம். மிஞ்சிய 6 மணி நேரத்தில் மூன்று மணிப் பல்சக்கரம் இரண்டு வெட்டலாம். மில்லிமீற்றர் தரத்தில் 30க்கு மேல் 38 வரை விட்டமுள்ள சாஃப்டுக்கு 10 மில்லிமீற்றர் கீ. அதற்கு மேல் 44 வரை 12. ஆகவே படகின் 32 சாஃப்டும் ஆலையின் 36 சாஃப்டும் ஒரே கட்டருக்கு உறவு. ஒன்று ஸ்டெயின்லெஸ், மற்றது சாதாரண இரும்பு என்றாலும் வேகத்தையும் விட்டத்துக்கேற்ப உயரத்தையும் மாற்றினால் போதும், கட்டரைக் கழற்றத் தேவையில்லை. உருவக் குறியீடு இந்த உறவைக் காட்டாது, உலோக இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடும்.

வார்ப்புக்காரரின் உலையின் கதை வேறு. அங்கே நிமிடக் கணக்கு எடுபடாது. ஒருமுறை உருக்கினால் ஒரே உலோகம்தான். புஷ், வால்வு, புரொப்பல்லர் எதுவானாலும் வெண்கலமென்றால் ஒன்றாக ஊற்றவேண்டியதுதான்.

இந்த மூன்றாவது முறைக்கும் விலை உண்டு, அதை மறைக்கமாட்டேன். 10 மில்லிமீற்றர் கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்தவரின் படகு மணலில் கிடக்கும். படகு கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் உலை கொதிக்காத நாள். அதனால் மூன்று நாள் எல்லை வைத்திருக்கிறோம்: கூட்டம் சேராவிட்டாலும் மூன்றாம் நாள் காலை அந்தக் கட்டரை ஏற்றிவிடுவோம். லேத்தில் மட்டும் வந்த ஒழுங்கே போதும், அங்கே சேர்த்துப் போடுவதில் எங்களுக்கு லாபம் இல்லை.

மாசியில் பெரும்போக அறுவடை மும்முரமாகும்போது தடை இடம் மாறிவிடும். உடைந்த கலப்பை, டிரெயிலர், அறுவடை மிசின் துண்டுகள் என்று வெல்டிங் பக்கம் வரிசை நீளும். மில்லிங் சும்மா நிற்கும். அப்போது கீவே அகலக் கூட்டங்களை எழுதிய பலகையைக் கழற்றிவிட்டு, ஒட்டவேண்டிய உலோகத்தையும் வெல்டிங் கம்பியையும் வைத்துப் புதிய கூட்டங்களை எழுதுவோம்.