பருவத்துக்குப் பருவம் மாற்றியடுக்கத் தக்க நீர்வண்ணப் பெட்டி

பன்னிரண்டு அரைப் பான்கள் (நீர்வண்ணம் இட்டு உலரவைக்கும் சிறு கிண்ணங்கள்) கொள்ளும் இந்த வெற்றுத் தகரப் பெட்டியை, நிரப்பியே விற்கப்படும் பருவகாலத் தொகுப்புகள் மனத்துக்கு ஒவ்வாமல்தான் வாங்கினேன். இலையுதிர்காலத்துக்கென ஆரஞ்சும் செம்பழுப்பும் நிறைத்துத் தரும் அத்தொகுப்புகளில் பாதி வண்ணங்கள், கோடையில் சரக்கொன்றையும் ஐப்பசியில் கருமேகமும் வரைகின்ற நம் ஊர்க்காரருக்குத் தொடப்படாமலே கிடக்கும்.

பான்களைப் பிடிக்கும் கவ்விகள் இறுக்கமாக இருந்தாலும் விரலால் நெம்பினால் எளிதில் கழன்றுவிடுகின்றன. பெட்டியின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. ஓர் அரைப் பான் ஏறத்தாழ 2 மி.லி. வண்ணம் கொள்ளும். ட்யூபிலிருந்து ஒரே மூச்சில் பிதுக்கி நிரப்பாமல், சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் காயவிட்டு நிரப்பினால் வெடிப்பு குறையும்.

அல்ட்ராமரைன் (அடர்நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), குவினாக்ரிடோன் ரோஸ், தாலோ பச்சை முதலிய எட்டும் ஆண்டு முழுவதும் என் பெட்டியில் இடம் மாறுவதில்லை. பார்க்காமலே தூரிகை சென்று தொடும் அளவுக்கு இடம் பழகிவிட வேண்டும் என்பதால், ஓரத்து நான்கு பான்களை மட்டுமே மாற்றுகிறேன். கோடைக்கு லெமன் மஞ்சள், குல்மோகர் பூவுக்காகப் பைரோல் ஸ்கார்லெட், வெளிறிய வானத்துக்குச் செருலியன், காய்ந்த வரப்புக்கு எல்லோ ஓக்கர். மழைக்காலத்தில் அவ்விடங்களில் அமர்பவற்றுள் இன்டான்த்ரோன் நீலமும் நிக்கல் அசோ மஞ்சளும் முக்கியமானவை. பின்னதைத் தாலோ பச்சையுடன் கலந்தால் நாற்றங்காலின் பச்சை கிடைக்கிறது. மேகத்துக்கெனப் பெய்ன்ஸ் கிரே என்னும் நீலம் கலந்த கருஞ்சாம்பலை வாங்குவது, என் பார்வையில், வீண் செலவு. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் அதைவிட உயிருள்ளது. உறையில், எந்த நிறமியால் ஆனது என்று காட்டும் நிறமி எண்ணையும் பார்த்து வாங்குங்கள்: பி.ஆர். 83 என்றிருக்கும் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கிவிடும். அந்த இடத்துக்குப் பி.வி. 19 என்னும் குவினாக்ரிடோன் நிறமி நம்பகமானது.

குறைகளும் உண்டு. வண்ணம் கலக்கும் தட்டாகவும் பயன்படும் மூடியின் வெள்ளைப் பூச்சு புதிதில் வண்ணத்தைத் துளித்துளியாகத் திரளச் செய்கிறது. பற்பசையால் மெல்லத் தேய்த்துக் கழுவியபின் ஓரளவு சரியாயிற்று. கீலில் ஈரம் தங்குவதால், கடலோர ஊர்களில் துருவுக்கு அஞ்ச வேண்டும். தேன் சேர்த்த வண்ணங்கள் மழைக்காலத்தில் பானுக்குள் இறுகாமல் பிசுபிசுத்து, பெட்டியைச் சாய்த்தால் அடுத்த பானுக்கு வழிகின்றன. அவற்றை இதில் நிரப்பாதீர்கள். எந்த வண்ணமாயினும் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பெரிய தாளில் வானம் முழுவதும் ஒரே வீச்சில் பூசுவோருக்கு மூடியின் குழிகள் போதா. தனியே ஒரு பீங்கான் தட்டு வேண்டியிருக்கும்.