தோள் நோகாமல் பிரீஸ்டைல்: யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் போன நீச்சல் வகுப்பு

கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவர்களைத் தடாகத்தில் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும். நானும் அந்தக் கூட்டம்தான். நாற்பது வயதுக்குப் பிறகு கையை மாறி மாறி வீசி நீந்துகிற பிரீஸ்டைலை ஒழுங்காகப் பழக ஆசை வந்து, யூடியூப் பார்த்து, பேடில் என்று உள்ளங்கையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தட்டும் வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினேன். மூன்றாவது கிழமை வலது தோள் பிடித்துக்கொண்டது. கிணற்றில் வாளி இழுக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

நோ ஆறியபிறகுதான் நகருக்கு வெளியே ஒரு தடாகத்தில் வளர்ந்தவர்களுக்கு நடக்கும் பின்னேர வகுப்பில் சேர்ந்தேன். கிழமைக்கு 3 நாள், ஒவ்வொரு மணித்தியாலம். குறையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை.

மாஸ்ரர் என்னை 25 மீற்றர் நீந்தவிட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட கை எங்க போகுது எண்டு தெரியுமோ?" என்றார். தெரியாது. வலது கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய், பெருவிரல் முதலில் இறங்குகிறதாம். அப்படி இறங்கினால் மேற்கை உள்ளே திருகி, தோள்மூட்டுத் தசைநாண் எலும்புக்குக் கீழே நசிபடும். அதையே ஆயிரம் தடவை செய்தால் நோகாமல் என்ன செய்யும்? பேடில் அந்தப் பிழைக்கு மேல் பாரத்தையும் ஏற்றியிருக்கிறது. தோளுக்கு நேரே, விரல்நுனி முதலில் கை இறங்க வேண்டும், உடம்பு பக்கவாட்டில் உருள வேண்டும், தண்ணீரை இழுக்கும்போது முழங்கை உயர்ந்து நிற்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான், பழக எனக்கு இரண்டு கிழமை போனது.

முதல் 3 வகுப்பும் பெரும்பாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குமிழி விட்டதுதான். காசு கட்டிக் குமிழி விடுகிறோமே என்று எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் முகம் உள்ளே இருக்கும்போதே மூச்சை விட்டு முடித்தால், வெளியே இழுக்க மட்டும்தான் நேரம் வேண்டும். தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பினாலே போதும். தூக்கினால் கால் தாழும், கழுத்தும் இடுப்பும் பிடிக்கும். என் கேணிக்காலக் கழுத்து நோவுக்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது.

மாஸ்ரரிடம் எனக்குப் பிடித்ததே அவர் நிறுத்துகிற விதம்தான். களைத்துப்போய்க் கை மறுபடி நடுவுக்கு வந்தால் உடனே கரையேற்றிவிடுவார். வல்வெட்டித்துறை ஐயா ஒருவருக்கு இதில் பொறுமை இல்லை. "ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல எங்கட ஊரில இருந்து கடல் தாண்டி இந்தியாவில இருக்கிற கோடியக்கரைக்குப் போய்த் திரும்பி நீந்தினவர், 51 மணித்தியாலம். நீர் 200 மீற்றரோட நிப்பாட்டுறீர்" என்றார். "அவரும் முதல் மாதமே போயிருக்கமாட்டார் ஐயா" என்றார் மாஸ்ரர். ஐயா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

பெடியன்கள் வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டுத் தண்ணீருக்கடியில் தூரம் போட்டிபோட்டதையும் அவர்தான் கத்தி நிறுத்தினார். அப்படி இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே மயங்கிவிடலாம். இதைச் சொல்லித்தர எத்தனை இடத்தில் ஆள் இருக்கிறது?

சரி, குறை. மாஸ்ரர் வராத ஒரு நாள் உதவிக்கு நிற்கும் தம்பி, தவளை மாதிரி உதைத்து நீந்துகிற பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பழக்கினார். முழங்காலை நல்லா அகட்டி, பலமாக உதையுங்கள் என்றார். உதைத்தேன், முழங்காலின் உட்பக்கம் 5 நாள் நொந்தது. முழங்கால் இடுப்பளவுக்கு மேல் பெரிதாக அகலக்கூடாதாம், உதையையும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டுமாம். மாஸ்ரர் வந்தபிறகு திருத்தினார், ஆனால் நொந்தது என் கால். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாதையில் எட்டுப் பேர், அடுத்தவரின் குதிக்காலைத்தான் பார்த்து நீந்த வேண்டும். வாசலில் விற்கும் நீச்சல் கண்ணாடி வாங்க வேண்டாம், முதல் நாளே ஒழுகியது.

அடுத்த மாதத்துக்கும் கட்டிவிட்டேன். சேர்வதென்றால் திங்கட்கிழமை போங்கள், சனம் குறைவு, மாஸ்ரர் தவறாமல் நிற்பார். பேடிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கண்டால் வாங்கி வைத்துக்கொள்கிறார்.