மதுரை – சென்னை விமானம்: டிக்கெட்டில் ஒன்றரை மணி, வாசலுக்கு வாசல் நாலே முக்கால்

மதுரைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 418 கிலோமீட்டர். தண்டவாளத்தில் 490-ஐத் தாண்டும். காற்றாடி வைத்த சின்ன விமானமான ஏடிஆர் என்றால் டிக்கெட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கும். ஜெட் விமானமான ஏர்பஸ் பத்துப் பதினைந்து நிமிடம் முந்தும். இதில் பறப்பது ஒரு மணி நேரம் போலத்தான். மிச்சமெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், சென்னை வானத்தில் இறங்க முறை வரும்வரை சுற்றுவதிலும் கரைகிறது.

சிம்மக்கல்லில் கிளம்பி தி.நகர் போய்ச் சேரக் கணக்குப் போடுங்கள். பெருங்குடி விமான நிலையத்துக்கு 40 நிமிடம். பெட்டி போடும் கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதனால் ஒன்றரை மணி முன்பாகவே உள்ளே இருக்கணும். பயணம் 85 நிமிடம், பெட்டி வர 25, நந்தனம் வரை மெட்ரோவுக்கு நடையும் சேர்த்து 40. மொத்தம் நாலே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பை மட்டும் என்றால் நாலேகாலுக்குள் முடியும். வந்தே பாரத் ஆறு மணி நேரத்தை ஒட்டி எழும்பூரில் விடுகிறது, ஏறும் இடமோ ஊர் நடுவே. தாம்பரம் பக்கம் போகிறவர்கள் அங்கேயே இறங்கிவிடலாம். அவர்களுக்கு விமானம் வீண் செலவு. கிண்டி, சைதாப்பேட்டை போகிறவர்களுக்குத்தான் லாபம்.

ஏடிஆர் பற்றிக் கொஞ்சம். 78 இருக்கை, பக்கத்துக்கு இரண்டு. ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியே, அதனால் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் தரையில் கால் வைப்பார். காற்றாடி முன்வரிசைகளுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது; இரைச்சலும் அதிர்வும் அங்கேதான் அதிகம். பின்வரிசை இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே மறைக்காது. காலை நேரம் வலப்பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். மேல்தட்டு ஆழமில்லை, கெட்டிப் பெட்டி நுழையாது, துணிப்பைதான் சரி.

எடை கையில் 7 கிலோ, பெட்டியில் 15. மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குத் தடையில்லை. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். மீனாட்சியம்மன் கோயில் அர்ச்சனைத் தேங்காயை முழுசாகக் கைப்பையில் கொண்டுபோகப் பொதுவாக விடுவதில்லை. கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் எந்தப் பையிலும் ஆகாது. பவர் பேங்க் மட்டும் தலைகீழ்: அது கைப்பையில்தான் இருக்கணும்.

தை முதல் நாள் விமானம் பிடிப்பவர்கள் அவனியாபுரம் வழியை மறந்துவிடுங்கள். ஜல்லிக்கட்டுக்காகப் போக்குவரத்தைத் திருப்பியிருப்பார்கள். அன்றைக்கு ரிங் ரோடுதான், அரை மணி நேரம் முன்கூட்டியே.