எங்க தெரு பாத்திர பேங்க் – பையன் காது குத்துக்கு எடுத்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரில எங்க தெருவுல ஒரு பாத்திர பேங்க் இருக்கு. பேங்க்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில ஸ்டோர் ரூம், ரெண்டு இரும்பு அலமாரி, பரண் முழுக்க அண்டா குண்டா, அவ்ளோதான், போர்டு கூட கிடையாது. தெருவுல முப்பது வீட்டுக்காரங்க சேந்து அவங்கவங்க வீட்ல சும்மா கெடந்த எவர்சில்வர் தட்டு, டம்ளர், சாம்பார் வாளி, கரண்டி எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டு வச்சிருக்காங்க, யார் வீட்ல விசேஷம்னாலும் எடுத்துக்கலாம், வாடகை இல்ல, 500 ரூபா டெபாசிட் மட்டும், கழுவி எண்ணி திருப்பிக் குடுத்தா அதுவும் கைக்கு வந்துடும். போன மாசம் என் பையனுக்கு காது குத்து வச்சோம், 160 பேர் சாப்பாடு, அதுக்குதான் எடுத்தேன்.

உண்மைய சொல்லிடறேன், மொதல்ல எனக்கு இதுல இஷ்டமே இல்ல. விசேஷ வீட்ல பொம்பளைங்களுக்கு இருக்குற வேலை பத்தாதா, இதுல தட்டு வேற கழுவணுமான்னுதான் தோணுச்சு. சமையலுக்கு பேசின ஆளு "பேப்பர் பிளேட்டு பேப்பர் கப்பு எல்லாம் நானே கொண்டாந்துடறேன்மா, சாப்ட்டு தூக்கிப் போட்டு போயிட்டே இருக்கலாம்"னாரு, நானும் சரின்னுட்டேன். அப்பால எதிர் வீட்டு டீச்சரம்மா (ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆச்சு, பேங்க் சாவி, நோட்டு ரெண்டும் அவங்க கிட்டதான்) ஒரு பேப்பர் கப்பை எடுத்து தண்ணில ஊற வச்சு, உள் பக்கத்துல இருந்து பாலாடை மாதிரி ஒரு தோலை உரிச்சு என் கையில குடுத்தாங்க. அது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ண லிஸ்ட்ல கேரி பேக் மட்டும் இல்ல, இந்த பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட கப்பு தட்டு, தெர்மாகோல் தட்டு, சாப்பாடு பரிமாற விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட், ஸ்ட்ரா எல்லாமே இருக்கு. கடையில கெடைக்குதே, அப்போ பரவால்லன்னுதான் நானும் இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தேன்.

இன்னொண்ணும் அவங்க சொல்லிதான் தெரியும். 2016ல வந்த திடக்கழிவு விதிகள்ல, மண்டபம் மாதிரி லைசென்ஸ் உள்ள எடமா இல்லாம வெளியில நூறு பேருக்கு மேல கூடற மாதிரி விசேஷம் வச்சா, மூணு வேலை நாளுக்கு முன்னாடியே மாநகராட்சிக்கு சொல்லணும், குப்பையையும் பிரிச்சுதான் குடுக்கணும்னு போட்டிருந்துச்சு. நான் சொன்னேனான்னு கேக்காதீங்க.

இந்த பேங்க் வந்த கதை என்னன்னா, 2021 நவம்பர் மழையில பாலாத்துல அவ்ளோ தண்ணி வந்துச்சே, அப்போ எங்க தெரு கால்வாயும் அடைச்சுக்கிச்சு, நாலு வீட்டுக்குள்ள கணுக்காலு வரைக்கும் சாக்கடைத் தண்ணி. மழை விட்டதும் ஆளுக்கொரு மம்முட்டி எடுத்து தூர் வாரினா, உள்ள இருந்து வந்ததுல பாதிக்கு மேல சாப்ட்டு போட்ட கப்பும் தட்டும்தான், அதுவும் போன முகூர்த்தத்துல இதே தெருவுல நடந்த விசேஷத்துது. யாரை திட்டறது? அன்னிக்கு மம்முட்டியோட நின்னவங்கதான் இன்னிக்கும் இதை நடத்தறாங்க. நான் அன்னிக்கு மாடியில நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தேன்.

சரி சர்வீஸ் எப்படி. விசேஷத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி போய் சொன்னேன், நோட்டுல எழுதிக்கிட்டாங்க: தட்டு 170, டம்ளர் 212, அன்னக்கூடை 4, வாளி 8, கரண்டி 15, ஒரு பெரிய டேக்சா (பிரியாணி ஆக்குற அண்டா). எண்றதுதான் இங்க பெரிய சடங்கு. டீச்சரம்மா பத்து பத்தா அடுக்க அடுக்க நாமளும் வாய் விட்டு எண்ணணும், நடுவுல போன் வந்தா திரும்ப ஒண்ணுல இருந்து. எனக்கு மூணு தடவை போன் வந்துச்சு. "இன்னாமா, காது குத்து பையனுக்கா உனக்கா, போனை கீழ வை"ன்னுட்டாங்க.

தட்டைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். எல்லாம் ஒரே சைஸ் இல்ல, ஒரே பளபளப்பும் இல்ல, எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கு. பாத்திரக் கடையில மிஷினை வச்சு டர்ர்ருன்னு வெட்டிக் குடுப்பாங்களே, அந்தப் புள்ளி புள்ளி எழுத்து. என் கைக்கு வந்த தட்டுல "மணமக்களுக்கு அன்பளிப்பு 14.6.1987"ன்னு இருந்துச்சு, அந்த மணமக்களுக்கு இப்போ பேத்தியே காலேஜ் போகுது. ஒரு தட்டுல வெறும் "ஆயா"ன்னு மட்டும், யார் வீட்டு ஆயான்னு இன்னும் யாருக்கும் தெரியல. சாப்பிட உக்காந்த எங்க பெரிம்மா தட்டைத் திருப்பிப் பாத்து "அடியே இது நான் குடுத்த தட்டு"ன்னு கத்திட்டாங்க, மூணாவது வீட்டுக்காரங்க கல்யாணத்துக்கு இவங்க மொய்யோட வச்சுக் குடுத்ததாம், ஒரு தடவை கூட அடுப்படிக்குப் போகாம பரண்லயே இருந்து நேரா இங்க வந்துடுச்சு போல. அதுக்கப்புறம் பந்தில எல்லாரும் சாப்பாட்டை விட்டுட்டு தட்டைத்தான் திருப்பிப் பாத்துட்டு இருந்தாங்க, தயிர் வெங்காயம் ஊத்தின அப்புறம் கூட ஒரு மாமா திருப்பிப் பாத்துட்டாரு, வேட்டி போச்சு.

வாழை இலை போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. போடலாம், ஆனா காலைல ஊர்ல குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு தாய்மாமன் மடியில உக்கார வச்சு காது குத்திட்டு, வேன்ல எல்லாரும் வந்து எறங்கும்போதே மணி ஒண்ணரை, பந்தல்ல டேபிள் எட்டுதான், பாதி பேரு நின்னுட்டே சாப்ட்டாங்க, இலை சரிப்படாது. முகூர்த்த நாள்ல இலை விலையும் தெரியும் இல்ல.

இப்போ கழுவற விஷயம். மெனு மட்டன் பிரியாணி, எண்ணெய் கத்திரிக்கா (இலவம்பாடி முள்ளு கத்திரிக்காவேதான் வேணும்னு எங்க மாமனார் ஒத்தக் கால்ல நின்னாரு), தயிர் வெங்காயம். ஆட்டுக் கொழுப்பு தட்டுல ஒறைஞ்சா என்ன ஆகும்னு கழுவினவங்களுக்குத்தான் தெரியும். பேங்க்ல ஒரு முறை வச்சிருக்காங்க: எலும்பை தனி வாளியில வழிச்சுடணும், அது உரக்குழிக்குப் போகக் கூடாது, நாய் தோண்டிடும். அப்புறம் மூணு பெரிய டப்பு, மொதல் டப்புல அரப்புத்தூள் போட்ட சுடுதண்ணி, ரெண்டாவதும் மூணாவதும் வெறும் தண்ணி, மொதல் டப்பு அழுக்கானா அதை ஊத்திட்டு ரெண்டாவதுலயே அரப்பைப் போட்டு அதை மொதலாக்கிடணும், கடைசிக்கு மட்டும் புதுத் தண்ணி. கொழாயைத் தொறந்து விட்டுட்டு கழுவவே கூடாது. ஊத்தற தண்ணி கால்வாய்க்குப் போகாம தெருக் கோடியில இருக்குற வாழை மரத்துக்குப் போகுது, அதனால டிஷ் வாஷ் லிக்விடுக்கு அனுமதி இல்ல. தண்ணி வராத நாள்ல எப்படின்னு பயந்துட்டே இருந்தேன், மொத்தமா பதினாலு கொடம் தண்ணில முடிஞ்சுது. ஆனா அரப்பு மட்டும் போட்டு பிரியாணி டேக்சாவைக் கழுவ முடியாது, நான் சத்தியம் பண்ணி சொல்றேன், சாம்பலும் தேங்கா நாரும் வச்சு முக்கா மணி நேரம் தேய்ச்சேன், டீச்சரம்மா பாக்காத நேரம் ரெண்டு சொட்டு லிக்விடும் விட்டேன்.

பெரிய குறைன்னா இதான்: கழுவ உக்காந்த ஆறு பேரும் பொம்பளைங்க. தெருக்காரங்க நாலு பேரு நான் கூப்பிடாமலே வந்து மணைய போட்டு உக்காந்துட்டாங்க, அந்த மனசுக்கு கும்பிடு. ஆனா மம்முட்டி புடிச்ச ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் சேர் போட்டு அரசியல் பேசிட்டு இருந்தாங்க. தூர் வாரினா சேவை, தட்டு கழுவினா வீட்டு வேலையா? விசேஷ வீட்ல இருந்து ரெண்டு ஆம்பளை கழுவ வரணும்னு டெபாசிட் ரூலோட சேத்து எழுதுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் வீட்டுக்காரர் டம்ளர் மட்டும் தொடைச்சு வச்சாரு, அதுவும் போட்டோ எடுக்கற வரைக்கும்.

சின்னச் சின்ன குறையும் சொல்லணும். ரசம் வாளி ஒண்ணு அடியில கசியுது, எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பாருங்க. கொண்டு வந்து தர மாட்டாங்க, தள்ளுவண்டி இருக்கு, நாமளே தள்ளிட்டுப் போகணும், ஒரு சக்கரம் தனியா ஒரு பக்கம் இழுக்கும். வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே நோட்டுல பேரு எழுதிடுங்க. வெளித் தெருக்காரங்களுக்கு குடுப்பாங்க, ஆனா தெருவுல ஒருத்தர் ஜாமீன் சொல்லணும், சொந்தக்காரன்னு சொல்லிட்டு போய் நின்னாலும் விட மாட்டாங்க.

மிச்ச சோறு, கத்திரிக்கா காம்பு, வெங்காயத் தோலு எல்லாம் அவங்க உரக்குழிக்கே போயிடுச்சு, நான் அன்னிக்கு வெளிய வச்ச குப்பை அரை மூட்டை கூட வரல. பேப்பர் பிளேட்டுக்கு சமையல்காரர் போட்ட 1,400 ரூபாயும் மிச்சம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கலாம், ஒண்ணு அந்த ஆறு பொம்பளைங்களுக்காக கொறைச்சது.

திருப்பிக் குடுக்கும்போது தட்டு கரெக்ட், டம்ளர் 205தான் இருந்துச்சு. ஏழு கொறையுது. டீச்சரம்மா ஒண்ணும் சொல்லல, டெபாசிட்டை மட்டும் குடுக்கல. ரெண்டு பந்தலுக்கு அடியில கெடைச்சுது, ஒண்ணு மொட்டை மாடித் தொட்டிக்கு மேல, மூணு வேன் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி. ஏழாவது குடியாத்தத்துல எங்க நாத்தனார் வீட்டு பாத்ரூம்ல பல்லு பிரஷ் வைக்க இருக்குன்னு அவங்க பொண்ணு அனுப்பின வீடியோவுல பாத்தேன். "முருகன் ஸ்டோர்"னு வெட்டியிருக்கறது நல்லாவே தெரியுது. ஆடிக்கு வரும்போது எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.